இரண்டு பியானோவும் ஒரு ஜெனறேற்றரும்

மீன் ஏற்ற வந்த தாவூதுதான் அந்தக் கதையை வங்காலைக் கரைக்குக் கொண்டுவந்தான். புத்தளத்தில் ஒரு நேர்ஸ் அவனுடைய மனைவியின் தங்கைக்குச் சொன்னாளாம். தங்கை மனைவிக்குச் சொன்னாளாம். மனைவி சோறு போடும்போது இவனுக்குச் சொன்னாளாம். நேர்சுக்கு யார் சொன்னது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அத்தனை கை மாறி வந்த மீனை அந்தக் கரையில் யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். கதையை வாங்கிக்கொண்டார்கள்.

"கிறகரி அண்ணன், அமெரிக்காவில வலிப்பு வாற பிள்ளையள இப்ப ரெண்டு பியானோவுக்கு நடுவில இருத்துறாங்களாம். அங்கால ஒருத்தன் வாசிக்கிறானாம், இஞ்சால ஒருத்தன் வாசிக்கிறானாம். பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டு இருந்தாக் காணுமாம். வலிப்புக்கு எந்தப் பக்கத்தால வாறதெண்டு தெரியாமத் திரும்பிப் போயிடுதாம்."

தராசைப் பிடித்துக்கொண்டிருந்த யாகப்பர் சிரித்தார். அவர் கோயில் மூப்பர். ஊர்க் காரியம் எதிலும் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

"டேய் தாவூது, எங்கட ஊரில ஒரு பியானோவே இல்லை. கோயில் ஆர்மோனியத்துக்குள்ளயும் எலி பூந்து மூண்டு கட்டை எழும்பாது. ரெண்டு பியானோவுக்கு நாங்கள் எங்க போறது?"

"நான் கேட்டதைச் சொன்னன் மூப்பர். வாங்கித் தாறன் எண்டே சொன்னனான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிறகரி மட்டும் சிரிக்கவில்லை. வாங்க வந்த சூடை மீனையும் மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். 'ரெண்டு பியானோ' என்பது அவருடைய தலைக்குள் போய், அங்கே எப்போதும் குடியிருக்கிற வேறு இரண்டு பேருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டு பேரின் பெயர் இராயப்பர், சின்னப்பர்.

இராயப்பரும் சின்னப்பரும் ஹோர்ன் ஒலிபெருக்கிகள். பெரியது இராயப்பர், விளிம்பு நெளிந்து, 'ச' வருகிற இடமெல்லாம் கரகரக்கிறது சின்னப்பர். அவற்றோடு ஒரு அம்பிளிபயர், கசற் போடுகிற பெட்டி ஒன்று, மைக் ஒன்று, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனறேற்றர் ஒன்று. இவ்வளவும்தான் கிறகரி. ஊரில் அவருக்கு 'ஸ்பீக்கர் கிறகரி' என்று பெயர். பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்தாறு வருடமாக ஹோர்ன் வேலை செய்கிறதா என்று காதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்ததில் வலது காது நின்றுபோயிருந்தது. அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மனைவி வசந்தமலர் பேச ஆரம்பித்தால் வலது பக்கத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர் ஓடியபோது எல்லாரும் பானை சட்டி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கோழி என்று தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்கள். கிறகரி அம்பிளிபயரை வசந்தமலரின் கூறைச் சேலையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இராமேசுவரம்வரை போனார். கடல் தண்ணீர் சேலையில்தான் பட்டது. பெட்டியில் ஒரு சொட்டுப் படவில்லை. இரண்டு வருடம் மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பெட்டியை அணைத்தபடியே திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுச் சண்டை எது எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த வள்ளத்தில் போய் ஏறிவிடும்.

ஊருக்கு அவர் வேண்டியவர். அந்தப் பகுதியில் எந்த வீட்டு மரத்தில் ஹோர்ன் ஏறுகிறதோ அந்த வீட்டில் விசேசம். துள்ளல் பாட்டென்றால் கலியாணம். மெதுவாக இழுத்தால் மரணம். பின்னேரத்தில் சினிமாப் பாட்டென்றால் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டது. சனங்கள் காற்றில் காதை வைத்து, பாட்டைப் பிடித்து, அதற்கேற்ற பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். "என்ன விசேசம்?" என்று முன்னாலே விசாரிப்பது மரியாதைக் குறைவு. ஹோர்ன் கூப்பிட்டால் போகவேண்டும்.

அவருக்கு ஒரே பிள்ளை, செலீனா. ஒன்பது வயது. நாலு வயதிலிருந்து வலிப்பு. சில நாள் விழுந்து கைகால் அடிக்கும்; சில நாள் நின்ற இடத்திலேயே கண் ஒரு பக்கம் குத்திட்டு நிற்கும், கூப்பிட்டால் கேட்காது. தெளிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய் வந்தவள் மாதிரி, "போயிட்டு வந்திட்டன்" என்பாள். மன்னார் ஆசுப்பத்திரியில் குளிசை கொடுத்திருந்தார்கள், காலை ஒன்று மாலை ஒன்று. வசந்தமலர் நினைவு வந்தால் கொடுப்பாள். நினைவு வருகிற நேரம் பார்த்து எங்கேயாவது செல் குண்டு விழும், அல்லது பால் பொங்கும்.

வலிப்பைவிடச் செலீனாவுக்குப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. போன வருடம் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பூசையில் முதல் தடவையாக நன்மை அப்பம் வாங்கி முதல்நன்மை எடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் முக்காட்டு வலை, கையில் எரிகிற மெழுகுதிரி. அவளை மட்டும் கன்னியர் மடத்துச் சிஸ்டர் வாங்குப் பலகையில் இருத்திவிட்டார். மெழுகுதிரியோடு விழுந்தால் முக்காடு பற்றிக்கொள்ளுமே என்ற பயம். அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது. சுவிசிலிருந்து மாமன் அனுப்பிய வெள்ளைச் சட்டை அலுமாரிக்குள் தொங்க, செலீனா அலுமாரிக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தாள். இந்த வருடமும் விட்டால் சட்டை முழங்காலுக்கு மேலே போய்விடும்.

"ஒரு மாசம்," என்று சிஸ்டர் இந்த முறை சொல்லியிருந்தார். "கடைசி ஒரு மாசம் வலிப்பு வராமல் இருந்தாளெண்டால், மற்றப் பிள்ளையளோட வரிசையில விடுறன். அதுக்கு மேல என்னைக் கேளாதேங்கோ கிறகரி."

கிறகரி அந்த ஒரு மாதத்தை எங்கே வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் தாவூதின் லொறி வந்தது.

வெளிநாட்டோடு பேச வேண்டுமென்றால் தள்ளாடி ஆமி முகாம் கடந்து, பாலம் கடந்து, மன்னார்த் தீவுக்குள் உப்புக்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே சனூன் நானா ஒரு கொமினிக்கேசன் வைத்திருந்தார்: ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கண்ணாடிக் கூண்டு ஒன்று. வசந்தமலரின் தம்பி அருட்பிரகாசம் சுவிசில் ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த நம்பருக்கு எடுப்பான். "ஹலோ"வுக்குப் பதிலாக "என்ன நடந்தது?" என்று தொடங்குகிறவன் அவன்.

"என்ன நடந்தது அத்தான்?"

"ஒண்டும் நடக்கேல்ல."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நான் இன்னும் கதைக்கவே தொடங்கேல்ல மச்சான்."

பியானோக் கதையைக் கேட்டதும் அருட்பிரகாசம் கொஞ்சம் அடங்கினான். படிக்கிற ஆள். அடுத்த முறை எடுத்தபோது நூலகத்துக்குப் போய்த் தேடிக்கொண்டு வந்திருந்தான்.

"அத்தான், அந்தக் கதை முழுப் பொய்யில்லை. இருநூறு வருசத்துக்கு முந்தி ரெண்டு பியானோவுக்கெண்டு எழுதின ஒரு இசை. எட்டு நிமிசத்துச் சொச்சம். அதைக் கேட்டா சில பிள்ளையளுக்கு மூளையில குழப்பம் குறையுதாம். சில பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லயாம். ஏனெண்டு ஆருக்கும் தெரியாதாம். கசற் அனுப்புறன். ஆனா குளிசையை நிப்பாட்டிப்போடாதேங்கோ. ஒரு நாளும் விடக்கூடாது. நேரத்துக்குக் குடுக்கோணும். கசற்றை வெய்யிலில வைக்காதேங்கோ. ஆமியிட்டக் காட்டினா பாட்டெண்டு சொல்லாதேங்கோ, சொல்லாமலும் விடாதேங்கோ. பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் எண்டா அண்டைக்குப் போடாதேங்கோ..."

சத்தம் எவ்வளவு வைக்கவேண்டும் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை கவலையையும் சொன்ன மனிதனுக்கு அந்த ஒன்று தோன்றவில்லை.

கசற் ஒரு மாதத்தில், ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் வந்து சனூன் நானாவின் கடையில் இறங்கியது. கிறகரி அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடக்க, காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரன் அதை எடுத்துத் தன் சின்ன ரேடியோவில் போட்டுப் பார்த்தான். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டான்.

"சிந்துவ கோ?" என்றான். சிங்களத்தில், பாட்டு எங்கே என்று அர்த்தம்.

"சிந்து நே மாத்தயா. பெஹெத்," என்றார் கிறகரி. பாட்டில்லை ஐயா, மருந்து.

அவன் கசற்றை வெளியே எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டு அவனுக்கும் குலுக்கிக் காட்டினான். மருந்து சத்தம் போடவில்லை. விட்டுவிட்டார்கள்.

ஹோர்ன் கட்டப் பொலிசில் அனுமதி எடுக்கவேண்டும். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் திருமணம், மரணம், சமயம், வேறு என்று இருந்தது. கிறகரி 'வேறு' என்பதற்கு நேரே 'வலிப்பு' என்று எழுதினார். பொறுப்பதிகாரி படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலிப்புக்கு ஸ்பீக்கர்?"

"ஓம் ஐயா. ரெண்டு."

"காலை பத்து நிமிசம், பின்னேரம் பத்து நிமிசம். பதினோராவது நிமிசம் சத்தம் வந்தது, வலிப்பு உமக்கு வரும்."

வசந்தமலருக்கு இது முற்றத்தில் ஏணி சாத்தப்பட்டபோதுதான் விளங்கியது.

"இஞ்சாருங்கோ, பிள்ளை கேக்கிறதுக்கு ஏன் பனைக்கு மேல கட்டுறீங்கள்? பிள்ளை நிலத்திலயெல்லோ இருக்கு?"

"ரெண்டு பியானோ எண்டா ரெண்டு ஹோர்ன். அங்கால இராயப்பர், இஞ்சால சின்னப்பர், நடுவில பிள்ளை."

"சின்ன ரேடியோ ஒண்டை ஆரிட்டயும் வாங்கிப் போட்டா என்ன?"

"சின்னச் சத்தத்துக்குச் சின்ன வருத்தந்தான் மாறும்," என்று சொல்லி, வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு மரத்தில் ஏறினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முற்றத்தின் நடுவில் கதிரை போட்டுச் செலீனாவை இருத்தினார்கள். வசந்தமலர், மருந்தும் மருந்தும் ஒன்றாகப் போகட்டும் என்று, குளிசையையும் கொடுத்தாள். கிறகரி ஜெனறேற்றரை இழுத்துவிட்டு, பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.

இருநூறு வருடத்துக்கு முன் அதை எழுதிய மனிதன் வங்காலைச் சோளகக் காற்றை எண்ணிப் பார்த்திருக்கமாட்டான். ஒரு பியானோ ஓட, மற்றது துரத்த, ஜெனறேற்றர் நடுவில் நின்று தாளம் போட, எல்லாவற்றையும் காற்று தூக்கிக்கொண்டு போய் பக்கத்து ஊர் நறுவிலிக்குளம்வரை விதைத்தது. கோழிகள் கூரையில் ஏறின. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

முதலில் வந்தவள் முன்வீட்டு அருளம்மா. கையில் இரண்டு இறாத்தல் சீனியும் ஒரு சீப்பு வாழைப்பழமும். அவளுக்குப் பின்னால் மூப்பர் யாகப்பர், கறுப்புக் குடையும் செபமாலையுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஆர் கிறகரி போனது, கொண்ணனோ?"

"ஆரும் சாகேல்ல மூப்பர்."

"அப்ப ஏன் ஹோர்ன்?"

"மூப்பருக்கு விசர்," என்றாள் அருளம்மா. "செத்த வீட்டுக்கு இப்பிடித் துள்ளுறதைப் போடுவினமே? இது சாமத்தியம். எங்க மலர் பிள்ளை? குளிக்க வாத்தாச்சோ?"

"அக்கா, பிள்ளைக்கு ஒம்பது வயசு!"

"அதுக்கென்ன, இந்தக் காலத்துப் பிள்ளையள். சுவிஸ் பால்மா குடிச்சு வளந்ததுகள்."

செலீனா கதிரையில் இருந்தபடி, "நான் ஒண்டுமாகேல்ல. வலிப்புக்காரிதான்," என்று சத்தமாகச் சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை. படலைக்கு வெளியே சனம் சேர்ந்துவிட்டது. கலியாணம் என்று நினைத்த ஒருத்தி மாப்பிள்ளை எங்கே என்று கேட்டாள். பாட்டில் குரலே இல்லாதபடியால் இது சுவாமிமார் யாரோ பட்டம் வாங்கிய விசேசம் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார்.

கிறகரி மைக்கை எடுத்தார். அதுதான் அன்றைக்கு அவர் செய்த பெரிய பிழை.

"அன்பான ஊர்மக்களே! இந்த வீட்டில் எந்த விசேசமும் இல்லை என்பதை அறியத் தருகிறோம். ஒருவரும் வரத் தேவையில்லை."

விசேசம் இல்லை என்று அந்த ஊரில் அதுவரை ஒருத்தரும் ஹோர்னில் அறிவித்ததில்லை. வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருந்த மிச்சப் பேரும் அதைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு முற்றத்தில் நாற்பது பேருக்கு மேல். வசந்தமலர் எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தாள். பால்மா முடிந்தது. அருளம்மாவின் சீனியும் முடிந்தது.

"அண்டைக்கு வள்ளத்தில போகேக்க," என்று வசந்தமலர் பேணிகளைக் கழுவிக்கொண்டு ஆரம்பித்தாள், "என்ர சேலையை வெளியில எடுத்துப்போட்டுப் பெட்டியைக் கடலுக்குள்ள போட்டிருக்கோணும்."

ஆனால் அன்றைக்கு வலிப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கிறகரி தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தார்.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது, பழகியதோடு நிற்கவுமில்லை. காலைப் பியானோவுக்கு அடுப்பு மூட்டினார்கள், மாலைப் பியானோவுக்கு ஆடு கட்டினார்கள். மூப்பர் யாகப்பர் தினமும் மாலையில் வந்து சின்னப்பருக்குக் கீழே உட்கார்ந்து முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் நோவு எப்பிடி மூப்பர்?"

"வலக் காலிலயிருந்து இடக் காலுக்கு மாறியிருக்கு. வேலை செய்யுது."

அருளம்மா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி ஒரு நாளைக்கு இரண்டு முறை கத்துவாள்: "மலர்! பியானோ போட்டாச்சு, பிள்ளைக்குக் குளிசை குடுத்தாச்சோ?" தப்பித்தவறி வசந்தமலர் மறந்தாலும், கிணற்றடியில் இரண்டு பேர், சங்கக்கடை வாசலில் மூன்று பேர் அதையே கேட்பார்கள். ஊரே குளிசை கொடுத்தது.

கிளினிக் நாளில் டொக்டர் அம்மா கதை முழுவதையும் கேட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"முந்திக் குளிசை ஒழுங்காக் குடுத்தனீங்களோ?"

வசந்தமலர் சுவரைப் பார்த்தாள்.

"இப்ப?"

"இப்ப ஒரு நேரம் விட ஏலாது அம்மா. ஊர் விடாது."

"அப்ப பியானோ சுகப்படுத்துதோ, பியானோவுக்குப் பயந்து நீங்கள் குடுக்கிற குளிசை சுகப்படுத்துதோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. ரெண்டையும் நிப்பாட்டாதேங்கோ. ஆனா கிறகரி, பிள்ளையின்ர காது பாவம். ஹோர்னைக் கொஞ்சம் அங்கால திருப்பிவிடுங்கோ."

கிறகரி இராயப்பரைக் கடல் பக்கம் திருப்பினார். வசந்தமலருக்கு டொக்டர் சொன்னது விளங்கியது. கிறகரிக்கும் விளங்கியது, என்றாலும் அவர் மனசு ஹோர்னின் பக்கம்தான்.

அருட்பிரகாசத்துக்கு விசயம் தெரிந்த ஞாயிறு, சனூன் நானா கூண்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தொலைபேசிக்குள் சத்தம் வந்தது.

"ஹோர்னிலயோ? பனையிலயோ? அத்தான், அது காதுக்குள்ள மெதுவாப் போடுறது! ஆமி பேசேல்லயோ? இயக்கப் பொடியள் ஒண்டும் கேக்கேல்லயோ? பிள்ளைக்குக் காது கேக்குதோ?"

"கேக்குது மச்சான். பன்ரெண்டு கோடு போட்டாச்சு."

மறுபக்கத்தில் அருட்பிரகாசம் நாட்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "முதல்நன்மை அண்டைக்கு நான் பன்ரெண்டு மணிக்கு எடுப்பன். பிள்ளை மெழுகுதிரி பிடிச்சவளோ இல்லையோ எண்டு எனக்குச் சொல்லோணும். நான் அண்டைக்கு லீவு எடுத்திருக்கிறன். வேலையில நிண்டு கையை வெட்டிப்போடுவன்."

இருபத்துநாலாவது கோடு போட்ட நாள் மாலை. பியானோ ஓடிக்கொண்டிருந்தது. மூப்பர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செலீனா கதிரையில் மாம்பழம் சூப்பிக்கொண்டிருந்தாள். கிறகரி திரும்பினபோது அவளுடைய கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் நின்றிருந்தது. கண் சின்னப்பருக்கு மேலே எங்கேயோ. மாம்பழச் சாறு முழங்கை வழியே ஓடி மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கிறகரி எண்ணினார். இருபதில் கை மறுபடி வாய்க்குப் போனது.

"போயிட்டு வந்திட்டன்," என்றாள் மெதுவாக. "ஆரும் பாத்தவையோ?"

"நான் பாத்தன்."

"அப்ப ஆரும் பாக்கேல்ல."

கிறகரி அவளுடைய முழங்கையில் வழிந்த சாற்றைத் துடைத்துவிட்டார்.

"அப்பா, விழேல்லத்தானே? சொல்லாதேங்கோ. இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு."

காலையில் இருபத்தைந்தாவது கோட்டைப் போடக் கரிக்கட்டியை எடுத்தார். சுவரில் வைத்தார். கோடு வரவில்லை, கை வரவில்லை. கரியைக் கிணற்றடியில் எறிந்துவிட்டுக் கன்னியர் மடத்துக்கு நடந்தார்.

சிஸ்டர் முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது கிறகரி."

"ஓம் சிஸ்டர். மெழுகுதிரிக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிஸ்டர் சன்னலால் வெளியே பார்த்தார். அவருக்கும் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு அந்த இசை மனப்பாடம். மேசையில் விரல் அதையே தட்டிக்கொண்டிருந்தது. "எனக்குப் பிள்ளையில பயமில்லை. விழுந்தா நான் பிடிப்பன். எனக்கு அந்த நெருப்பிலதான் பயம்."

"அப்ப நெருப்பை எடுத்துவிடுவம்," என்றார் கிறகரி.

இவ்வளவு காலமும் இரண்டு பேருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பகலே கிறகரி பெரிய மெழுகுதிரி ஒன்றைக் குடைந்தார். உச்சியில் ரோச் லைற் பல்ப். உள்ளால் இறங்கிய வயர் சட்டைக் கைக்குள்ளால் போய், இடுப்பில் கட்டிய துணிப்பைக்குள் இரண்டு பற்றறியில் முடிந்தது. சுவிச்சு அவளுடைய பெருவிரலுக்குக் கீழே. செலீனா சோறு தின்னும்போதும் அதைக் கொளுத்தி நூர்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு வீட்டில் போய் அழுதார்கள்.

முதல்நன்மை ஞாயிறு. இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் வர, பக்கக் கதவால் சோளகம் ஒரு வீச்சு வீசியது. இருபத்தொரு மெழுகுதிரியும் நூர்ந்தன. செலீனாவுடையது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முன் வாங்கில் இருந்த மூப்பர், விசயம் தெரிந்தவர்தான், இருந்தாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிறகரி பக்கத்தில் அம்பிளிபயரோடு நின்றார். கோயில் ஒலிபெருக்கி அவருடைய பொறுப்பு; இராயப்பரும் சின்னப்பரும் அன்றைக்குக் கோயில் முகட்டில் ஏறியிருந்தார்கள். செலீனாவின் முறை வந்தது. சுவாமி நன்மையை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

செலீனா பதில் சொல்லவில்லை. அவளுடைய கண் பீடத்துக்கு மேலே, ஒரு பக்கத்தில், குத்திட்டு நின்றது.

கிறகரி எண்ணினார். ஐந்து. கோயில் முழுவதும் இருமல் நின்றது. எட்டு. சிஸ்டர் பின்னால் வந்து, தொடாமல், இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி நின்றார். சுவாமி நன்மையைக் கீழே இறக்கவில்லை. பதினொன்று. வசந்தமலரின் உதடு அசைவது தெரிந்தது. பல்ப் அசையாமல் எரிந்தது. பதினாலு.

"போயிட்டு வந்திட்டன் சுவாமி," என்றாள் செலீனா.

மைக் அவளுடைய வாய்க்கு நேரே இருந்தது. இராயப்பரும் சின்னப்பரும் அதை ஊருக்கும் கரைக்கும் ஆமி முகாமுக்கும் சொன்னார்கள். சுவாமியின் தோள் குலுங்கியது. "வந்தது நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க, செலீனா "ஆமென்" என்று சொல்லி, தேவைக்கு மேலாகவே நாக்கை நீட்டினாள்.

பூசை முடிய நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. கிறகரி சைக்கிளை எடுத்தார். முன் பாரில் வெள்ளைச் சட்டையோடு செலீனா, பின் கரியரில் வசந்தமலர். சோளகம் பக்கத்தால் தள்ள, முக்காட்டு வலை பறந்து கிறகரியின் கண்ணை மறைக்க, சென்றி தெரிகிற தூரத்துக்கு வந்தபோது வசந்தமலர் அவருடைய முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"நிப்பாட்டுங்கோ! ஐயோ மாதாவே, நிப்பாட்டுங்கோ! பிள்ளையின்ர சட்டைக்குள்ள வயரும் பற்றறியும்!"

கிறகரிக்கு இடது காதும் ஒரு கணம் அடைத்துப்போனது. சைக்கிளை உடைமுள் பற்றைக்குப் பின்னால் தள்ளினார். பற்றறிப் பையை அவிழ்த்து, வயரை இழுத்து, பல்பைக் கழற்றி, எல்லாவற்றையும் எதிரே வந்த மீன் வியாபாரி ஒருவரின் வெறும் கூடைக்குள் போட்டு, "ஊரில குடுத்துவிடு ராசா, சோதிச்சா ஸ்பீக்கர்காரன்ர எண்டு சொல்லு," என்று அனுப்பினார்கள். செலீனா மெழுகுதிரியை மட்டும் விடமாட்டேன் என்று அழுதாள். சென்றியில் ஆமிக்காரன் அதை வாங்கி, நடுவில் துளை இருந்ததால், கண்ணில் வைத்து அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வசந்தமலர் பாலம் முடிகிறவரை செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

உப்புக்குளத்துக்கு வந்துசேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. சனூன் நானாவின் கடைக் கதவு பூட்டியிருந்தது. ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: 'தொழுகைக்குப் போயிருக்கிறேன். கிறகரி வந்தால் நிற்கவும். சுவிஸ்காரர் நாலு தரம் எடுத்துவிட்டார்.'

மட்டையை வாசித்து முடிப்பதற்குள் உள்ளே தொலைபேசி அடித்தது.

"அஞ்சாந்தரம்," என்றாள் வசந்தமலர். "இஞ்சாருங்கோ, எடுக்காட்டி அவன் செத்த வீடெண்டு நினைப்பான். உவன் அங்க இருந்து விழுந்துபோவான்."

"பூட்டுக்கு நான் என்ன செய்ய?"

"கத்துங்கோ! இருவத்தாறு வருசம் ஊருக்கெல்லாம் கத்தினனீங்கள்தானே!"

கிறகரி கதவின் இடுக்கில் வாயை வைத்தார். "அருட்பிரகாசம்! பிள்ளை எடுத்திட்டாள்! வலிப்பு வந்தது, போயிட்டுது! ஒண்டுமில்லை!"

நிழலில் நின்ற இரண்டு கழுதைகள் தலையைத் திருப்பிப் பார்த்தன. மணி நின்றது. மூன்று பேரும் கதவில் காதை வைத்தார்கள். கேட்டுவிட்டதோ என்று ஒரு கணம் கிறகரிக்கே ஒரு எண்ணம்.

திரும்பவும் அடித்தது.

"தள்ளுங்கோ அப்பா, உங்களுக்குச் சொல்லத் தெரியாது," என்று செலீனா வெள்ளைச் சட்டை மண்ணில் பட முழங்காலில் நின்று, சாவித் துளையில் வாயை வைத்தாள். "மாமா! சட்டை அளவா இருக்கு! இப்ப சனூன் மாமா வருவார்! வைக்காதேங்கோ!"

பள்ளிவாசல் பக்கம் தெரு வெறுமையாகக் கிடந்தது. உள்ளே, மேசைமேல், மணி அடித்துக்கொண்டேயிருந்தது.